தூங்கி எழுதியவர்கள்

கெஸ்டன் பாப்டிஸ்ட்டுக்கு ஞாபக சக்தி கொஞ்சம் மந்தம் என்று பிப்ரவரி மாதம் ஒரு கம்ப்யூட்டர் சொன்னது. நான் அதன் கீழே என் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டேன். தட்டும்போது சிரித்தேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை அது. வெஸ்ட்ஃபோர்க் டிரோவர்ஸ் என்ற கால்பந்து கிளப்பில் ஆட்டக்காரர்களின் உடம்பைப் பார்த்துக்கொள்கிறேன். கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது, பிடித்துக்கொண்ட தொடையை நீவிவிடுவது, ஐஸ் பெட்டி சுமப்பது, யார் ஆடலாம் யார் ஆடக்கூடாது என்று எழுதுவது. ஆறு வருடம் படித்து லைசென்ஸ் வாங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆட்டக்காரர்கள் என்னை டாக்டரே என்று கூப்பிடுவார்கள். நான் டாக்டர் இல்லை. கிளப்புக்கு ஒரு நிஜ டாக்டர் இருக்கிறார், எலும்பு டாக்டர். நான் எழுதி அனுப்புவதில் கையெழுத்துப் போடுவார். எதையும் படித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எங்கள் லீக் டெலிவிஷனில் வருகிற லீக் இல்லை. அதற்கு இரண்டு படி கீழே. ஊரில் பெரிய விஷயம் மாட்டிறைச்சி ஆலை, அடுத்தது பேஸ்பால். எங்களுக்குச் சொந்த மைதானம் கிடையாது. பேஸ்பால்காரர்கள் ஊரில் இல்லாத நாட்களில் அவர்கள் மைதானத்தில் ஆடுவோம். பந்து வீசுகிறவன் நிற்கும் மண்மேட்டைச் சரித்து, ஓடுபாதைச் செம்மண்ணின் மேல் சுருள் புல்லை விரித்துவிடுவார்கள். மேலே பார்த்தால் பச்சை. கீழே வருடக்கணக்காக இடித்து இறுக்கிய களிமண். அங்கே விழுந்தவன் முழங்காலைக் கேட்டால் சொல்லும்.

பிப்ரவரிக்கு வருகிறேன். பருவம் தொடங்கும் முன்னால் எல்லா ஆட்டக்காரர்களும் கம்ப்யூட்டரில் ஒரு தேர்வு எழுத வேண்டும். பன்னிரண்டு வார்த்தைகள் ஓடும், பிறகு எத்தனை ஞாபகம் இருக்கிறது என்று கேட்கும். வட்டம் சிவப்பானால் ஒரு பொத்தான், நீலமானால் வேறு பொத்தான். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொள்வோம். நடுவில் யாருக்காவது தலையில் அடிபட்டால் மறுபடி எழுத வைப்போம். மதிப்பெண் குறையவில்லை என்றால் மூளைக்கு ஒன்றுமில்லை, ஆடலாம்.

ஆகவே விவரம் தெரிந்தவன் எவனும் முதல் தேர்வை ஒழுங்காக எழுத மாட்டான். இதற்கு அவர்களிடம் ஒரு பெயரே இருக்கிறது: தூங்கி எழுதுவது. பழையவன் புதியவனுக்கு ஷூ கயிறு கட்டச் சொல்லித்தருவதுபோல் இதையும் சொல்லித்தருவான். ரொம்பத் தூங்கினால் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும். அரைத்தூக்கம் போதும்.

கெஸ்டன் பன்னிரண்டில் ஏழு எழுதினான். ஆறு என்றால் கம்ப்யூட்டர் கத்தும். ஏழுக்குக் கத்தாது.

"வயசாயிடுச்சு டாக்டரே," என்றான். "முப்பத்தொண்ணு. காலையில என்ன தின்னேன்னே ஞாபகம் இல்ல."

"நேத்து பஸ்ல என் கையில என்னென்ன சீட்டு இருந்துச்சு?"

"கிளாவர் ஒன்பது, கிளாவர் ராணி, டைமன் ரெண்டு, மூணு, இஸ்பேட் ஏஸ், ஆட்டின் பத்து. ஏஸை வெச்சுக்கிட்டு தோத்தே. வெக்கமா இல்ல?"

அதற்குத்தான் சிரித்தேன். அன்று மதியத்துக்குள் இருபத்து மூன்று பேரை முடிக்க வேண்டும், என்னிடம் இருந்தது மூன்று கம்ப்யூட்டர். தட்டினேன், அனுப்பினேன்.

கெஸ்டன் டிரினிடாட்காரன். அவன் ஊரில் ஆல் ஃபோர்ஸ் என்று ஒரு சீட்டாட்டம். நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளி. ஆளுக்கு ஆறு சீட்டு, ஒரு துருப்பு. எதிராளியின் துருப்பு ஜாக்கியைப் பிடிப்பதுதான் உயிர். பிடித்தால் 'ஜாக்கியைத் தூக்குல போட்டாச்சு' என்று சொல்லிப் பலகையில் ஓங்கி ஓர் அறை. எங்கள் பஸ்ஸின் பின் இருக்கைகளில் எட்டு மாதமும் இதுதான். நானும் கெஸ்டனும் ஒரு பக்கம், கோல்கீப்பர் டோபியாஸும் யார் தூங்காமல் இருக்கிறானோ அவனும் மறுபக்கம். எந்தச் சீட்டு போனது, எது எவன் கையில் இருக்கிறது என்று கெஸ்டன் தலைக்குள் ஒரு படமே ஓடும். என் முகத்தைப் பார்த்தே என் கையைச் சொல்வான். அவனிடம் அதிகம் திட்டு வாங்கியவள் நான்தான்.

முதல் எட்டு ஆட்டத்தில் ஆறு தோற்றோம். ஜூனுக்குப் பிறகு என்ன ஆயிற்றோ, தோற்பது நின்றது. கெஸ்டன் தடுப்பின் நடுவில் நின்று வருகிற பந்தையெல்லாம் தலையால் திருப்பி அனுப்பினான். செப்டம்பர் வந்தபோது பிளே-ஆஃப் என்கிற இறுதிச் சுற்றுக்கு ஒரே ஒரு இடம் பாக்கி, அதற்கு நாங்களும் வரிசையில்.

அவனுக்கு வேறொரு கணக்கும் இருந்தது. ஒப்பந்தத்தில் ஒரு வரி: இருபது ஆட்டங்களில் முதல் பதினொருவரில் இறங்கினால் அடுத்த வருட ஒப்பந்தம் தானாகப் புதுப்பிக்கப்படும். புதுப்பித்தால் விசா. இல்லையென்றால் நவம்பரில் விமானம். டிரினிடாட் போய்விட்டால் அந்த வயதில் மறுபடி இங்கே கூப்பிட யாரும் இல்லை. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் நான் கணுக்காலைக் கட்டும்போது எண்ணைச் சொல்வான். "பதினாறு, டாக்டரே. இறுக்கிக் கட்டு." "பதினேழு."

பத்தொன்பதாவது எங்கள் ஊரில். முப்பதாவது நிமிடம் ஓர் உயரப் பந்து, இரண்டு பேர் எழும்பினார்கள், கெஸ்டன் முதுகு கீழாக வந்தான். மண்மேடு இருந்த இடத்தில் பின்மண்டை இறங்கியது. அந்தச் சத்தம் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது. புல்லில் விழுந்தால் சத்தம் வராது.

ஓடினேன். எழுந்து உட்கார்ந்திருந்தான். எந்தப் பாதி, யார் கோல் அடித்தது, போன வாரம் யாரோடு ஆடினோம் என்று கேட்டேன். எல்லாம் சரியாகச் சொன்னான். ஆனாலும் வெளியே எடுத்தேன். அந்த வாரம் முழுவதும் நான் செய்ததில் அது ஒன்றுதான் சரி.

செவ்வாய்க்கிழமை தேர்வு. பன்னிரண்டில் எட்டு. பிப்ரவரியைவிட ஒன்று கூட.

"மண்டை இடிச்சதும் புத்தி வந்துடுச்சு," என்றான்.

புதன் ஓட்டம், வியாழன் முழுப் பயிற்சி. தலைவலி இல்லை, வாந்தி இல்லை, தூக்கம் நன்று. கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. பேப்பரில் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை வெளியூரில் கடைசி ஆட்டம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் லீக்குக்குப் படிவம் அனுப்ப வேண்டும்.

வியாழன் மதியம் ஜெனரல் மேனேஜர் வேட் ஹாலோரன் கூப்பிட்டார். அவர் அறையில் பழைய பேஸ்பால் மட்டைகள் சுவரில் தொங்கும். கால்பந்து ஒன்றுகூடக் கிடையாது.

"உக்காரும்மா. கெஸ்டன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். நாளைக்கு எழுதிக் குடுத்துடுவேன்."

"தொடை?"

"தொடைக்கு என்ன?"

"இறுக்கமா இருக்குன்னு கேள்விப்பட்டேன்."

"யாரு சொன்னா?"

"இப்ப நான் சொல்றேன்ல." சிரித்தார். "ஒரே ஒரு ஆட்டம் யெசேனியா. தொடை இறுக்கம், ஓய்வு. ஒரு வரி. திங்கக்கிழமை யாருக்கு ஞாபகம் இருக்கப் போகுது?"

"ஜெயிச்சா பிளே-ஆஃப். கோச்சுக்கு ஞாபகம் இருக்கும்."

"கோச் ஃபாரெல் சனிக்கிழமையைப் பத்தி யோசிப்பார். அவருக்கு அதுதான் வேலை. நான் அடுத்த வருஷத்தைப் பாக்கணும். வெளிநாட்டு ஆளுக்குன்னு எனக்கு இருக்கறது ஏழே இடம். அதுல ஒண்ணை முப்பத்திரெண்டு வயசுக்காரனுக்குக் குடுத்துட்டு உக்காரவா?"

"அப்போ இறக்காதேன்னு கோச்சுகிட்ட நேரா சொல்லுங்க."

"சொன்னா ஆட்டக்காரங்க சங்கம் வக்கீலோட வரும்." நாற்காலியில் சாய்ந்தார். "பாரு, உன்னை எடுக்கறப்ப வேற நாலு பேர் இருந்தாங்க. நான்தான் சொன்னேன், ஆலைக் குடும்பத்துலேருந்து வந்த பொண்ணு, வாய்ப்பு குடுக்கணும்னு. உங்கப்பா இன்னும் அங்கதானே?"

அப்பா அங்கேதான். பத்து வருடம் முன்னால் அவர் வலது கையில் இரண்டு விரல் மரத்துப்போனது. ஆலையின் நர்ஸ் இரண்டு மாத்திரையும் ஓர் ஐஸ் பையும் கொடுத்து, 'வேலைக்குத் தகுதி' என்று எழுதிக் கத்தி பிடிக்கத் திருப்பி அனுப்பினாள். அதே தகுதி அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும். இன்றைக்கு அவர் சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிடுகிறாள். அந்த நர்ஸின் கையெழுத்து எனக்கு மனப்பாடம். கல்லூரி விண்ணப்பத்தில் இதையெல்லாம் எழுதவில்லை. ஆனால் இதனால்தான் போனேன்.

"என் லைசென்ஸை வெச்சு நான் பொய் எழுத மாட்டேன், வேட்," என்றேன்.

எவ்வளவு அழகாகச் சொன்னேன். பிப்ரவரியில் ஏழு வார்த்தைக்குக் கீழே பெயர் தட்டியவள்.

கதவைச் சாத்திய வேகத்தில் நேராகக் கார் நிறுத்துமிடத்துக்குப் போனேன். கெஸ்டன் டோபியாஸின் காரில் சாய்ந்து, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு நின்றிருந்தான்.

"நாளைக்கு எழுதிடறேன். இருபது."

என்னை அப்படியே தூக்கிவிட்டான். இறக்கிவிட்டு, ஒரு கையைக் காரின் கூரையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு ஹாலோரனை எப்படி மடக்கினேன் என்பதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பஸ் கிளம்பியது. ஒன்பது மணி நேரம், தெற்கே. கெஸ்டன் ஜன்னலில் மேல்கோட்டைத் தொங்கவிட்டுத் தூங்கினான். பதினொன்றுக்கு டோபியாஸ் எழுப்பினான்.

"எந்திரி கிழவா. தோக்க வேண்டிய நேரம்."

"உங்கம்மாகிட்ட கேட்டு வெச்சுக்கோ, அழுதா யாரு கண்ணைத் துடைக்கறதுன்னு," என்று சொல்லிக்கொண்டே வந்து என் எதிரே உட்கார்ந்தான். ஐஸ் பெட்டிதான் பலகை.

இஸ்பேட் துருப்பு. இரண்டாவது சுற்றிலேயே டோபியாஸ் வேறு வழியில்லாமல் துருப்பு ஜாக்கியைப் போட்டான். கெஸ்டன் ராஜாவை வைத்துப் பிடித்தான். "தூக்குல போட்டாச்சு," பெட்டியில் ஓர் அறை. முன்னால் தூங்கிக்கொண்டிருந்தவன் திரும்பித் திட்டினான். எல்லாம் வழக்கம்போல்.

ஐந்தாவது சுற்றில் இஸ்பேட் ராணியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். போட்டிருந்தால் அந்தச் சுற்று எங்களுடையது. நான் முறைத்தேன்.

"என்னை ஏன் பாக்கற? ஜாக்கி இன்னும் வெளியில இருக்கு. அவன் போடட்டும், பிடிக்கறேன்."

டோபியாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், அதைத்தானே இப்பத் தூக்குல போட்ட."

கெஸ்டனும் சிரித்தான். "தெரியும். நீங்க முழிச்சிருக்கீங்களான்னு பாத்தேன்." ஆனால் சிரித்துக்கொண்டே அவன் கை, தான் பிடித்து அடுக்கிய சீட்டுகளை ஓரமாக விரித்துப் பார்த்தது. ஜாக்கி அங்கே இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் முகம் ஒரு நொடி வெறுமையானது. தன் வீட்டில் அடுத்தவன் சட்டை தொங்குவதைப் பார்த்தவன்போல.

அடுத்த கை அவன் போட்டான். ஆளுக்கு ஆறு போட வேண்டிய இடத்தில் எனக்கு ஏழு சீட்டு வந்தது. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் இருக்கைக்குப் போனேன். ஜன்னலில் மேல்கோட்டு. மூக்குவரை தொப்பி. காரின் கூரையில் கை. எல்லாம் என் கண் முன்னால்தான் நடந்தது. எனக்கு ஹாலோரனை ஜெயிக்க வேண்டியிருந்தது. அதனால் இவனைப் பார்க்கவில்லை.

ஒரு மணிக்குப் பெட்ரோல் பங்கில் பஸ் நின்றது. எல்லாரும் சாப்பிடப் பர்ரிட்டோ வாங்க உள்ளே போனார்கள். கெஸ்டனை ஐஸ் விற்கும் பெட்டிக்குப் பின்னால் நிழலுக்கு அழைத்துப்போனேன்.

"உண்மையைச் சொல்லு."

"என்ன உண்மை? ஒரு சீட்டு மறந்துட்டேன். நீ வாராவாரம் மறக்கற. உன்னை யாராவது ஆஸ்பத்திரியில சேத்தாங்களா?"

"வெளிச்சம் குத்துதா?"

"கான்சஸ்ல எல்லாருக்கும் குத்தும்."

"இது கான்சஸ் இல்ல. அந்த மாநில எல்லையை ரெண்டு மணி நேரம் முன்னாடியே தாண்டிட்டோம்."

லாரி ஒன்று பின்னோக்கி நகரும்போது விடுகிற பீப் பீப் சத்தத்துக்கு அவன் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"எத்தனை நாளா, கெஸ்டன்?"

"சனிக்கிழமையிலேருந்து." பிறகு அவசரமாக, "குறைஞ்சுட்டு வருது. நிஜமா. முந்தாநாளைக்கு இன்னிக்குத் தேவலாம். தொண்ணூறு நிமிஷம் டாக்டரே. அதுகூட வேணாம், பேரு எழுதி அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வெளியில வந்துடறேன். தலையால தொடவே மாட்டேன்."

"தடுப்புல நின்னுக்கிட்டு தலையால தொடாம என்ன செய்வ, பாட்டு பாடுவியா?"

"நேத்து எழுதறேன்னு சொன்ன."

"சொன்னேன்."

"ஹாலோரன் ராத்திரி போன் பண்ணினானா?"

"இல்ல."

"பண்ண வேண்டியதே இல்ல. அவனுக்கு வேண்டியதைத்தான் நீ செய்யப் போற." குரலை உயர்த்தவே இல்லை. "பிப்ரவரியில ஏழுன்னு எழுதினப்ப உனக்குத் தெரியாதா? பல்லைக் காட்டிச் சிரிச்ச. நானும் தூங்கினேன், நீயும் தூங்கின. இப்ப நீ மட்டும் முழிச்சுக்கிட்டு என்னை மாட்டி விடற. அடுத்த வருஷம் உனக்கு இங்க வேலை இருக்கும். எனக்கு?"

இன்னொரு தரம் அதே இடத்தில் அடி பட்டால் மூளை வீங்கி உயிரே போகலாம் என்று புத்தகத்தில் இருப்பதைச் சொன்னேன். அவன் பாதியிலேயே பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

கோச் ஃபாரெல் முதல் இருக்கையில் பலகையில் காந்தப் பொத்தான்களை நகர்த்திக்கொண்டிருந்தார். இங்கிலாந்துக்காரர், எல்லாரையும் கண்ணு என்பார்.

"கெஸ்டன் ஆட முடியாது," என்றேன்.

"கண்ணு, பேப்பர்ல எல்லாம் சுத்தம்னு நேத்து நீதானே சொன்ன?"

"பேப்பர் பொய். எழுதினது நான்தான்."

"அப்போ நடுவுல யாரை நிறுத்தறது? உன்னையா?"

"நான் அஞ்சடி ரெண்டங்குலம்."

"அது மட்டும்தான் இடிக்குது," என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி, ஒரு ஊர் தாண்டுகிற வரைக்கும் கெட்ட வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். பிறகு பலகையின் நடுவிலிருந்து ஒரு பொத்தானை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மடியில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். 'ஆடத் தகுதியில்லை. காரணம்:' அந்த இடத்தில் தொடை இறுக்கம் என்று போட்டால் அத்தோடு முடிந்தது. கெஸ்டனுக்கு ஓய்வு, ஹாலோரனுக்குச் சந்தோஷம், என் பெயருக்கு ஒரு கீறலும் இல்லை. நான் எழுதியது இது: மூளை அதிர்வு. சுருள் புல்லுக்கு அடியில் இறுகிய மண்ணில் பின்மண்டை மோதியது. அறிகுறிகள் ஏழு நாளாக இருக்கின்றன. பிப்ரவரித் தேர்வு வேண்டுமென்றே குறைத்து எழுதப்பட்டது. அது எனக்குத் தெரியும். தெரிந்தே ஏற்றுக்கொண்டேன். இந்த அணியில் இருபத்து மூன்று பேரின் பிப்ரவரி மதிப்பெண்ணையும் நம்ப வேண்டாம்.

எங்கள் லீக் ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் உண்டு. ஆட்டத்தில் தலையில் அடிபட்டவனை, நரம்பு டாக்டர் குணமாகிவிட்டான் என்று எழுதும்வரை கிளப் ஒப்பந்தத்திலிருந்து நீக்க முடியாது. அந்த வரிக்காக எழுதினேன் என்று சொன்னால் பொய். அது தெரியாமல் எழுதினேன் என்றாலும் பொய். ஐந்து மணி நாற்பதுக்கு ஹோட்டல் வாசலில் நின்று அனுப்பினேன்.

ஹாலோரனிடமிருந்து முதலில் ஒரு கட்டைவிரல் படம் வந்தது. 'தகுதியில்லை' வரைக்கும் படித்திருப்பார். பத்து நிமிடம் கழித்துப் போன் வந்தது.

"தொடைன்னு ஒரு வார்த்தை. அதை எழுத முடியலையா உன்னால?"

"அவன் தொடை நல்லா இருக்கு."

"மைதானத்தைப் பத்தி ஏன் எழுதின? பிப்ரவரி எதுக்கு? உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டிருக்க, தெரியுதா?"

"தெரியுது."

"திங்கக்கிழமை பத்து மணிக்கு என் ரூமுக்கு வா." ஒரு மூச்சு விட்டார். "உனக்காக நான் எவ்வளவு பேசியிருக்கேன்."

"இனிமே பேசாதீங்க," என்று சொல்லி வைத்துவிட்டேன். போனை அணைத்துப் பையின் அடியில் போட்டேன். பயமும்தான், கோபம் மட்டும் என்று சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் தட்டோடு உட்கார்ந்த மேஜையிலிருந்து இரண்டு பேர் எழுந்து போனார்கள். டோபியாஸ் மட்டும் வந்து எதிரே உட்கார்ந்தான்.

"இருபத்து மூணு பேரையும் சேத்து மாட்டி விட்டுட்டியே டாக்டரே. நான் வெறும் ஒன்பது எழுதினவன்."

"நிஜத்துல எத்தனை வரும்?"

யோசித்தான். "ஒன்பதுதான்," என்றான்.

சனிக்கிழமை எண்பத்து நாலாவது நிமிடம் வரை ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தோம். அப்புறம் மூலையிலிருந்து ஒரு பந்து வந்தது. தடுப்பின் நடுவில், கெஸ்டன் நிற்கிற இடத்தில், கெஸ்டன் எழும்புகிற உயரத்தில். அங்கே இருந்தவனுக்குத் தலை எட்டவில்லை. ஒன்றுக்கு ஒன்று. அவ்வளவுதான் எங்கள் வருடம். உடை மாற்றும் அறையில் நான் கட்டுகளை வெட்டி எடுக்கும்போது ஒருவனும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் நினைத்ததை ஒருவனும் சொல்லவும் இல்லை. சொல்லியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

கெஸ்டன் ஆட்டத்தைப் பார்க்க வரவில்லை. ஹோட்டல் அறையில் திரையை மூடிப் படுத்திருந்தான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை கதவைத் தட்டச் சொல்லி வரவேற்பில் இருந்த பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறு முறையும் எழுந்து வந்து, ஆறு முறையும் என்னைத் திட்டினானாம். அவளே சொன்னாள்.

ஞாயிறு பகலில் திரும்பினோம். பஸ்ஸில் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் தூங்குவதுபோல் இருந்தார்கள். என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மருந்துப் பெட்டியை இரண்டு முறை கொட்டி அடுக்கினேன். கான்சஸ் எல்லைப் பலகை தாண்டிய பிறகு, கெஸ்டன் கறுப்புக் கண்ணாடியோடு இருக்கை இருக்கையாகப் பிடித்துக்கொண்டு வந்து, ஐஸ் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தான். கையில் சீட்டுக்கட்டு.

"விளையாட வரல," என்றான். "எழுதிக்கோ."

"என்னத்தை?"

"நரம்பு டாக்டர்கிட்ட போகணும்ல. இன்னிக்கு எத்தனைன்னு அவருக்குத் தெரிய வேணாமா? நீ எழுதி வெச்சிருக்கற ஏழும் எட்டும் எவனுக்கு ஆகும்." கட்டை என் பக்கம் தள்ளினான். "பன்னிரெண்டு சீட்டு காட்டு. ஒண்ணொண்ணா. வேகமா வேணாம்."

பன்னிரண்டு காட்டினேன். கவிழ்த்தேன். மார்ச் மாதம் இதே பஸ்ஸில், பந்தயத்துக்கு, முழுக் கட்டையும் வரிசையாகச் சொன்னவன். டோபியாஸ் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருக்கிறான்.

"டைமன் நாலு," என்றான். "கிளாவர் ராஜா. ஆட்டின் ரெண்டு. ஆட்டின் ஒன்பது." நிறுத்தினான். உதடு அசைந்தது. வெளியே மாட்டுப் பட்டி ஒன்று போய்க்கொண்டே இருந்தது, முடியவில்லை. "இஸ்பேட் ஆறு."

காத்திருந்தேன்.

"அவ்வளவுதான்," என்றான்.

முதல் ஆறு சீட்டில் இஸ்பேட் ஜாக்கி இருந்தது. நான் சொல்லவில்லை. ஐந்து என்று எழுதினேன், தேதி போட்டேன், கீழே என் பெயரை எழுதினேன். அவன் கண்ணாடியைக் கழற்றாமல், தாளைத் திருப்பித் தன் பக்கம் வைத்து, அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"நான் தூங்கல," என்றான்.

"தெரியும்."

"கலைச்சுப் போடு. மறுபடி காட்டு."

"இன்னிக்கு வேணாம் கெஸ்டன். தலை வலிக்கும்."

"இப்பவே வலிக்குது. காட்டு."

நான் சீட்டுக்கட்டை எடுத்து ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். அவன் என்னைத் திட்ட ஆரம்பித்தான். வெஸ்ட்ஃபோர்க் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. திட்டட்டும் என்று விட்டேன்.